ரெண்டா, மூணா

"ஊசிய அழுத்தாதண்ணா. செதிலை மட்டும் தூக்கு," என்றாள் பானுப்ரியா.

சிவகுமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையை நகர்த்தினான். வெள்ளைத் தாளின் மேல் கோரைப் பூங்கதிரின் ஒரு துணுக்கு கிடந்தது. நகத்தில் பாதிகூட இல்லை. இடது கையில் பூதக்கண்ணாடி, பட்டுச் சேலையில் இழை எண்ண அவன் தன் சேலைக் கடையில் வைத்திருப்பது.

கட்டிலில் அவன் தங்கை சுவரில் சாய்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது. காலேஜில் தாவரவியல் நடத்தியவள். டாக்டர்கள் வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது. மஞ்சள் பாய்ந்த கண்ணுக்கு எழுத்துகூடத் தெரிவதில்லை. ஊசியைப் பிடிக்கக் கையில் தெம்பும் இல்லை.

"ஓடு அடுக்குன மாதிரி செதில் செதிலா இருக்கா? ஒவ்வொரு செதிலுக்கும் உள்ள ஒரு பூ. இதழ் கிதழ்னு தேடாத, கெடையாது."

"நெல்லு மாதிரியா?"

"நெல்லு புல்லு ஜாதி. அதுக்கு ரெண்டு உமி, பூவை நடுவுல வச்சி மூடிக்கும். கோரைக்கு ஒரே செதில்தான். உள்ள குட்டியா ஒரு பிஞ்சு, அது தலையில ஒரு இழை. அந்த இழை நுனியில எத்தினியா பிரியுதுன்னு பாரு. ரெண்டா, மூணா?"

"ரெண்டா இருந்தா?"

"அதுவா இருக்கலாம்."

எதுவென்று அவனுக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அவள் கட்டிலுக்கடியில் பழைய பேப்பர்களுக்கு நடுவே கட்டுக்கட்டாகக் காய்ந்த புல் இருந்தது. குப்பையென்று அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டான். காலேஜ் விட்டு வந்தவள் அடுப்பைப் பார்த்தாள். அடுத்த மாதமே செய்யாறில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டாள். அதில் ஒரு கோரை இந்தப் பக்கத்தில் இதுவரை யார் கண்ணிலும் படாதது என்று அவன் மனைவி ஜெயப்ரியாதான் பின்னால் விசாரித்துச் சொன்னாள். தங்கையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு வாய்வரை வந்து வந்து, தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலைகளாக மட்டும் போய்ச் சேர்ந்தது.

உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் அவள் ஆரணிக்குத் திரும்பினாள். நேற்று சாயங்காலம், முதல் தடவையாக, அவளே பேச்சை எடுத்தாள். "பெரணமல்லூர் ஏரியில, மதகுக்குப் பக்கத்துலதான் அந்தக் கோரை இருந்துச்சி. அப்புறம் எத்தினி தபா போயும் கெடைக்கல. ஒரு தபா பாக்கறியாண்ணா?"

விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். முழங்கால் சேற்றில் நின்று, கோரையாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கி வந்தான். அவள் ஒவ்வொரு தண்டாக விரலிடுக்கில் உருட்டினாள். கோரைத் தண்டுக்கு உள்ள மூன்று பட்டை கையில் தட்டுப்படாததைக் கீழே போட்டாள். கதிரைத் தடவித் தடவிக் கடைசியில் ஒன்றை மட்டும் நீட்டினாள்.

செதில் எழும்பியது. உள்ளே வெளிர்பச்சையில் பிஞ்சு. அதன் தலையிலிருந்து பட்டு நூலைவிட மெல்லிய இழை. நுனி பிரிந்திருந்தது. ஒன்று, இரண்டு. கண்ணாடியைச் சற்றுத் திருப்பினான். இரண்டுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொன்று.

"இன்னா தெரியுது?"

"இரும்மா."

திரும்ப எண்ணினான். இரண்டு என்று சொன்னால் முடிந்தது. அவளால் பார்க்க முடியாது. அந்த ஒரு சொல்லுக்கு அந்த முகம் எப்படி மாறும் என்றும் அவனுக்குத் தெரியும். ஆனால் சேலையில் இழை எண்ணி ஒருநாளும் கூட்டிச் சொல்லாத வாய் அது.

"மூணும்மா," என்றான். "நல்லா பாத்துட்டேன். மூணுதான்."

அவள் கண்ணை மூடினாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"அப்போ சாதா கோரை. வயல்ல களையெடுத்துப் போடறாங்களே, அதான்." உதட்டோரம் லேசாக விரிந்தது. "அன்னிக்கி எடுத்ததும் இதுவாத்தான் இருக்கும். ஒரே எடத்துல வேற எப்பிடி வரும்? நான்தான் அவசரத்துல தப்பா எண்ணிட்டேன்."

"பானு, நான் அன்னிக்கி..."

"களையைத்தான கொளுத்துன? அதுக்குப் போயி இன்னாத்துக்கு எட்டு வருஷமா பேஜாராயிகினு இருக்க? கொஞ்சம் தண்ணி குடு."

கரண்டியில் கொடுத்தான். இரண்டு வாய் குடித்தாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு, ஜெயப்ரியா மடியில் சாய்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, பானுவின் மூச்சு நின்றது.

மறுநாள் காலையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. காலேஜிலிருந்து பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். கூட வேலை செய்த தெய்வநாயகி, மாலையை வைத்துவிட்டு, அழுத கண்ணோடு சிவகுமாரிடம் வந்தாள்.

"கடைசியா ஏதாவது பேசினாங்களா சார்?"

"பேசிச்சி. அந்தப் பெரணமல்லூர் கோரையைப் பத்தித்தான். தான் தப்பா எண்ணிட்டதாச் சொல்லிச்சி."

தெய்வநாயகி நிமிர்ந்தாள். "தப்பாவா? எங்க டிபார்ட்மென்ட் மைக்ராஸ்கோப்புல நானும் கூட இருந்து பாத்தேன் சார். நாலு பூ பிரிச்சோம். நாலுலயும் ரெண்டுதான். மூணு நாள் கழிச்சித்தான் அது எரிஞ்சி போச்சின்னாங்க. பானு எண்ணிக்கையில தப்பு பண்ற ஆளே கெடையாது..."

அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன் சார்?"

"ஒன்னுமில்ல மேடம்," என்றான். "வெயில்ல நிக்காதீங்க. சேர் போடச் சொல்றேன்."

கல்யாணம் ஆகாதவள் என்பதால் அவனே கொள்ளி வைக்க வேண்டியிருந்தது. கமண்டல நாகநதிக் கரையில், கொள்ளியை வாங்கிய கை உடனே நீளவில்லை. "வைங்க சாமி," என்றார் வெட்டியான். சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னார். வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். பாதையை விட்டு விலகி, இடுப்பளவு புல்லுக்குள் நடந்துகொண்டிருந்தவனை யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்தபோது, ஜெயப்ரியா எதிரே குந்தி, அவன் வேட்டி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி ஊசியாக, வைக்கோல் நிறத்தில், கரை நெடுக ஏறியிருந்தது.

"எங்க போயி நின்னீங்க? இப்பிடி ஒட்டிகினு இருக்கு." ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். "இது இன்னா புல்லுங்க?"

பானுவைக் கேட்க வாயைத் திறந்தபடி அவன் உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கழுவி விட்ட தரைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காய்ந்துகொண்டு வந்தது.