கம்ப்யூட்டருக்குக் கை முளைத்தது

ஐப்பசி மழை விட்டு, தாமிரபரணியில் செந்தண்ணீர் வடிந்த ஞாயிற்றுக்கிழமை, வண்ணாரப்பேட்டை சதுரங்க மன்றத்துக் கம்ப்யூட்டருக்கு வலது கை முளைத்தது. திரைக்குக் கீழே, முழங்கை வரை, ஐந்து விரலும் நகமுமாக. மழைதான் காரணம் என்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, காரணம் விஜயஸ்ரீதான்.

கல்லூரியில் கணிதம் நடத்துகிற விஜயஸ்ரீக்குத்தான் மன்றத்து அணியில் பல வருஷமாக முதல் பலகை, அணியின் முதல் ஆட்டக்காரர் இடம். அதற்காகக் கல்யாணத்தையே ஒருமுறை தள்ளிப்போட்டவள். தூத்துக்குடிக்காரர்களோடு மார்கழியில் ஆடும் போட்டியில் இந்தத் தடவை கம்ப்யூட்டரும் உட்காரலாம் என்று ஆனதும், செயலாளர் பெருமாள்ராஜ், ரெண்டும் மோதட்டும், ஜெயிக்கிறவருக்கே முதல் பலகை என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த சிவகணேஷ், அது திரையில் காட்டுகிறபடி காயை நகர்த்துவான். பழகுவதற்காக ஆடிய ஆட்டத்தில் அவன் யானைக்குப் பதில் குதிரையைத் தொட்டுவிட்டு, அது என் கைத்தப்பு என்று சிரித்தபடி மாற்றி வைத்தான். விரல் தவறி ராணியைத் தொட்டதற்காக மாவட்டப் பட்டத்தையே இழந்தவள் விஜயஸ்ரீ. அவளால் பொறுக்க முடியவில்லை, பெருமாள்ராஜிடம் போய் நின்றாள்.

"நான் தொட்டா அந்தக் காயையே ஆடித் தீரணும். அது தொட்டா மட்டும் சிவகணேஷ் கையா? இது எந்த ஊரு நியாயம், அண்ணாச்சி?"

"அதுக்குக் கை இல்லையேம்மா."

"அப்பம் கை முளைக்கட்டும்."

மன்றம் கூடியது. கம்ப்யூட்டருக்குப் பசி கிடையாது, களைப்பு கிடையாது, அதற்கெல்லாம் என்ன விதி போட முடியும்? இதற்குப் போடலாம் என்று, அவரவர் காயை அவரவரே நகர்த்த வேண்டும் என எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த ஞாயிறு கை இருந்தது. டீ கொண்டுவரும் பூதத்தான் தொட்டுப் பார்த்து, "இளஞ்சூடா இருக்கு வே" என்றார். சரி என்று காய்களை அடுக்கினார்கள்.

மதியத்துக்குள் விஜயஸ்ரீ ஒரு யானையை இழந்து, பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம்தான், முடிந்துவிடும். அப்போது கை தயங்கியது. காய்களுக்கு மேலே அங்கேயும் இங்கேயும் அலைந்துவிட்டு, யானையை எடுக்கப்போன விரல் பக்கத்தில் நின்ற ராஜாவைத் தொட்டது. சிவகணேஷ் துள்ளி எழுந்தான்.

"புதுக் கை அக்கா, பழக்கமில்ல. இந்த ஒரு தடவை விட்டுருங்க."

அவளுக்கும் மனசு இளகத்தான் செய்தது.

"தொட்டா தொட்டதுதான்," என்றாள்.

கை ராஜாவை நகர்த்தியது. அவள் ராணியை இறக்கினாள். ராஜாவுக்குப் போக வழியில்லை. மன்றமே கைதட்டியது. வழக்கப்படி குலுக்குவதற்கு அந்தக் கை பலகைக்கு மேலே நீண்டது. விஜயஸ்ரீ பிடித்தாள். அதன் உள்ளங்கை முழுக்க வேர்த்திருந்தது. ஜெயித்த சந்தோஷம் மறந்துபோய் அவள் குனிந்து, "பயந்துட்டியாலே?" என்று பையக் கேட்டாள். கை அவளை விடவில்லை. பூதத்தான் டீ கொண்டுவந்து, அதற்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனார்.