மேசையில் விடாத புத்தகம்

பல் செட் செய்பவருக்கு மதிய இடைவேளை நாற்பது நிமிடம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, விரலிடுக்கில் ஒட்டிய பிளாஸ்டர் மாவைக் கழுவிக்கொண்டு, லேப்புக்கு எதிரில் இருந்த நூலகத்துக்குப் போவார். ஜன்னலோர அலமாரியின் கீழ்த்தட்டில் ஆப்பிரிக்க இலக்கியம். மொத்தம் இருபத்திரண்டு புத்தகங்கள், எல்லாம் மொழிபெயர்ப்பு. பதினோரு வருடமாக அவற்றைத்தான் மாற்றி மாற்றிப் படித்தார். வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. யாராவது தேடி வந்து, வெறும் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்படி யாரும் வந்ததில்லை.

‘படித்த புத்தகங்களை மேசையிலேயே விடவும்’ என்று சுவரில் ஒரு பலகை தொங்கியது. அது சோம்பேறிகளுக்குக் கொடுத்த சலுகை என்று நினைத்தார். அவர் தொழிலில் ஒரு பல் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வாய் மூடாது. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, வரிசை பிசகாமல் செருகிவிட்டுத்தான் எழுந்து போவார்.

ஒரு திங்கட்கிழமை நூலகர் அம்மா அவரைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் காட்டினார். ஐந்து வருடமாக யாரும் தொடாத புத்தகங்கள். வெள்ளிக்கிழமை வண்டி வரும். எல்லாம் காகித ஆலைக்குப் போய்க் கூழாகும். யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ விதியில் இடமில்லை. கீழ்த்தட்டின் இருபத்திரண்டும் பட்டியலில் இருந்தன.

“நான் தினமும் படிக்கிறேனே” என்றார்.

“எனக்குத் தெரியும் சார். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. மேசையில கிடக்கற புத்தகத்தைத்தான் சாயங்காலம் எடுத்துப் பதிவு பண்ணுவோம். நீங்க ஒரு நாளாவது விட்டுட்டுப் போயிருக்கீங்களா?”

அவர் பலகையைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அதை முழுதாகப் படித்தார். கீழே சிறிய எழுத்தில் ‘கணக்கெடுப்புக்காக’ என்று இருந்தது.

பட்டியல் போட்டாகிவிட்டது, இனி மேசையில் விட்டுப் பயனில்லை. வழி ஒன்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை கடன் போயிருக்கும் புத்தகத்தை வண்டியில் ஏற்ற முடியாது. வண்டி போன பிறகு திரும்பி வந்தால் இன்னும் ஐந்து வருடம் அதற்கு ஆயுள். ஓர் அட்டைக்கு மூன்று புத்தகம். புது அட்டைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

அவரிடம் ஓர் அட்டை, மனைவியிடம் ஒன்று, மகளிடம் ஒன்று. லேப் முதலாளி எதற்கென்றே கேட்காமல் தன்னுடையதைக் கொடுத்தார். லேப்பில் பாலிஷ் போடுபவர் எதற்கென்று கேட்டுவிட்டு, பாதியில் போதும் என்று கையைக் காட்டிவிட்டுக் கொடுத்தார். மனைவியின் தம்பி டயர் கடை வைத்திருந்தான். தன்னுடையதையும் தன் மனைவியுடையதையும் தேடி எடுத்து வந்தான். ஒன்றின் மூலை கிழிந்திருந்தது.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. உங்களுக்குப் பொழப்பே அதுதான் மச்சான், நல்லாப் பாத்துக்கங்க” என்றான். பிறகு கொஞ்சம் கவலையாக, “என் பேர்ல கவிதைப் புத்தகம் எதுவும் எடுத்துடாதீங்க. நாளைக்கு யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?” என்றான்.

ஏழு அட்டை, இருபத்தோரு புத்தகம். எட்டாவது அட்டைக்கு வியாழன் மாலை வரை அலைந்தார். கிடைக்கவில்லை.

தட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் மெலிந்த கவிதைத் தொகுப்பு ஒன்று மிஞ்சியது. அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். பத்தொன்பது கவிதைகளும் மனப்பாடம். மற்றவற்றை விட்டால் போயே போய்விடும், இது தன்னிடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். வேண்டுமானால் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் நூலகர். தேவையில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து போனதை லேப் ஜன்னலிலிருந்து பார்த்தார். கையில் யாருடையதோ கீழ்த்தாடை இருந்தது. மெழுகு ஆறுவதற்குள் பல்லை நிறுத்த வேண்டும். நிறுத்தினார்.

சனிக்கிழமை காலை ஒரு நோட்டை எடுத்து, பேனாவால் எழுத ஆரம்பித்தார். ஐந்து கவிதைகள் தடங்கலின்றி வந்தன. ஆறாவதில் மூன்று வரி வந்தது.

*ஆறு வற்றிய ஆண்டிலும்*
*என் தாய் படகை விற்கவில்லை.*
*கோழிகள் அதில் முட்டையிட்டன.*

அடுத்து ஒரு வரி. அதற்கும் அடுத்த வரி தெரியும்: *பிறகுதான் படகைத் தள்ளினோம்.* நடுவில் இருந்தது வரவில்லை. முதலிலிருந்து சொன்னார். கோழி வரை வந்து நின்றது. எழுந்து நடந்தபடி சொன்னார். இருபத்தோரு புத்தகங்களும் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் சொன்னார். வரவில்லை.

மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கதை, கவிதை எதுவும் படிக்கிறவள் இல்லை.

“மழை வந்தப்போ கோழிங்ககிட்டதான் அனுமதி கேட்டோம்” என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நின்றார்.

“என்ன பாக்கறீங்க? ஷேவ் பண்ணும்போதெல்லாம் இதைத்தானே முணுமுணுப்பீங்க. பதினோரு வருஷமாக் கேக்கறேன்.”

வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பொருந்தியது. ஆனாலும் ஓர் ஓரத்தில் இடறியது.

“அனுமதியா, மன்னிப்பா?”

அவள் ஒரு சட்டையை மடித்து முடிக்கும் வரை யோசித்தாள்.

“என் காதுல விழுந்தது அனுமதி. நீங்க என்ன சொன்னீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். பேனாவை மூடி வைத்தார். மகளின் பென்சிலைத் தேடி எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் அதைக்கொண்டு எழுதினார்.