உடன் வந்தவர் சொன்னது

விரலை நாக்கில் தொட்டுப் பழைய ஃபைலின் தாளைப் புரட்டுகிறார் டாக்டர், என் தம்பியின் முதல் வாரம் எச்சில் ஈரத்தோடு அந்தப் பக்கம் விழுகிறது, பிறகு இரண்டாவது வாரம், நிதானமாகத் தேடுங்கள் டாக்டர், எனக்கு ஒன்றும் அவசரமில்லை, பதினோரு வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் பத்து நிமிடமா பெரிசு, மின்விசிறிக் காற்று உங்கள் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியைத் தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எவ்வளவு நன்றாக இருக்கிறது. அன்றைக்கு இந்தத் தலை நிறைய முடி இருந்தது, மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நானும் செழியனும், கேள்வி கேட்பது நீங்கள், இன்றைக்குக் கேட்பது நான், என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை, எப்படித் தெரியும், முடி நரைத்துக் கண்ணாடி போட்டு, நெறிமுறைக் குழு உறுப்பினர் என்ற அட்டையைச் சேலையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மனிதர்கள்மேல் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் மதுரையிலுள்ள இந்த மருத்துவக் கல்லூரியில் எங்கள் குழு சம்மதிக்க வேண்டும், குழுவில் டாக்டர்கள் உண்டு, வக்கீல் உண்டு, டாக்டரும் வக்கீலும் இல்லாத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டுமாம், அந்தச் சாதாரண ஆள் நான்தான், பதவியின் பெயரே அதுதான், டாக்டர் ஞானவடிவேல் என்ற உங்கள் பெயரைப் போல அதற்கு முன்னால் பட்டம் எதுவும் கிடையாது.

செழியன் திண்டுக்கல்லில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்தான், கழற்றிப் போட்ட மோட்டாருக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்தவன்தான், படுத்தபடியே ஒன்றரை வருடம், சோறு தட்டில் காயும், சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடப்பான், அம்மா அப்பா இல்லாத வீடு, பள்ளிக்கூடத்தில் ஐந்து பிரிவேளை தமிழ் கத்திவிட்டு வந்து அவன் முதுகைப் பார்த்துத்தான் நான் சாப்பிடுவேன், பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை, பிறகுதான் நீங்கள் அப்போதிருந்த ஆஸ்பத்திரி, புது மாத்திரைம்மா, வெளிநாட்டுல குடுத்துப் பாத்துட்டாங்க, நம்ம ஆளுகளுக்கு எப்படி ஒத்துக்குதுன்னு பாக்கணும், பயப்பட ஒண்ணுமில்ல, வாராவாரம் நானே பாப்பேன் என்றீர்கள், நானே பாப்பேன் என்ற அந்தச் சொல்லுக்காகவே கையெழுத்துப் போட்டேன், செழியன் பதினேழாம் நபர் ஆனான், பெயர் கூடாதாம், நம்பர்தானாம். இரண்டாவது வாரம் படுக்கையிலிருந்து எழுந்தான், எழுந்து வாசல்வரை நடந்தான், நான் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன், அதை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது, வாசல்வரை நடந்தவன் தெருமுனைவரை நடந்தான், தெருமுனைவரை நடந்தவன் ரயில்வே கேட்வரை, காலையில் போனால் சாப்பாட்டுக்கு வருவான், நின்றபடியே சாப்பிடுவான், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று, மாதத்தில் மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது, தம்பிக்கு செருப்பு வாங்குறேன், நல்லா நடக்குறான் என்று டீச்சர்கள் எல்லோரிடமும் சொன்னேன், பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் உங்கள் அறையில் அவன் சொன்னான், நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னான், சார், காலுக்குள்ள எறும்பு ஊறுது சார், உக்கார முடியல, படுக்க முடியல, நடந்தா கொஞ்சம் தேவல, நின்னா மறுபடி ஊறுது, நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினீர்கள், அடுத்து என்ன நடந்தது என்பது மட்டும் எனக்கு ஏனோ நினைவில் நிற்பதில்லை, வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று, யாரோ குழந்தையை அதட்டுகிறார்கள், பிறகு நாங்கள் பேருந்தில் இருக்கிறோம், அவன் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறான், உட்காருடா என்கிறேன், காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுக்கா என்று சிரிக்கிறான், கனவிலும் அதே பேருந்துதான் வருகிறது, கனவில் பேருந்து நிற்பதே இல்லை, அவனும் உட்காருவதே இல்லை. எட்டாவது வாரம் பைபாஸ் ரோட்டில் உச்சி வெயிலில் நடந்துகொண்டிருந்தவனை லாரி அடித்தது, வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, அதுவும் நான்காவது ஜோடி. விபத்து, மருந்துக்குத் தொடர்பில்லை என்று எழுதி முடித்துக்கொண்டீர்களாம், ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து அந்தத் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போனார், நானும் போட்டேன், விதி என்று அழுதுவிட்டு இருந்துவிட்டேன், பழிவாங்க வேண்டும் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை டாக்டர், அந்த அளவுக்கு விவரம் தெரியாதவள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள், நோயாளிகளுக்குக் கொடுக்கும் தமிழ்ப் படிவம் படிப்பவருக்குப் புரிகிறதா என்று பார்க்க ஒரு தமிழாசிரியை வேண்டுமாம், ஒற்றுப்பிழை திருத்தத்தான் வந்தேன், இரண்டாவது வருடம் வேறு யாரோ கொண்டுவந்த வேறு ஒரு மாத்திரையின் படிவத்தில் ஒன்பதாவது பக்கம், கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு, நடந்துகொண்டே இருக்கத் தோன்றுதல், உடனே மருத்துவரிடம் சொல்லவும், மருந்தின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், சிவப்புப் பேனாவோடு அதே வரியை ஏழெட்டு முறை படித்தேன், பெரும்பாலும் சரியாகிவிடும், அளவைக் குறைத்திருந்தால் போதும், பாதி மாத்திரை, அரை மாத்திரையில் இருந்திருக்கிறது என் தம்பியின் உயிர், அவன் வாய்விட்டுச் சொன்னான், நீங்கள் எழுதிவிட்டுச் சும்மா இருந்தீர்கள், அன்றைக்குத்தான் என் வயிற்றில் பழி பற்றியது, அதன்பிறகு நாலு வருடம் எந்தக் கூட்டத்துக்கும் நான் வராமல் இருந்ததில்லை, காய்ச்சலிலும் வந்தேன், என்றைக்காவது உங்கள் பெயர் இந்த மேசைக்கு வரும் என்று வந்தேன், போன மாதம் வந்தது. இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்கள், புதிதாக ஒரு மாத்திரை, விண்ணப்பத்தில் ஒரு வரி, எங்கள் முந்தைய ஆய்வில் மருந்தால் எவருக்கும் கடுமையான தீங்கு நேரவில்லை, நான் கேட்டேன், யாராவது செத்தாங்களா டாக்டர், நீங்கள் சொன்னீர்கள், ஒருத்தர்மா, ஆக்சிடெண்ட், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சம்பந்தம் உண்டா இல்லையான்னு நாங்க பாத்துக்கறோம் டாக்டர், பழைய ஃபைலக் கொண்டு வாங்க என்றேன், குழுத் தலைவர் அம்மாவும் ஆமாம் என்றார், உங்கள் முகம் ஒரு நொடி சுருங்கியது, அந்த ஒரு நொடியை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன், செழியனுக்குப் பிடித்தது என்று பதினோரு வருடமாகச் செய்யாத நெத்திலிக் குழம்பை வைத்து இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன், உங்கள் விண்ணப்பத்தைத் தடுப்பது மட்டுமல்ல, இனி எந்த நோயாளியிடமும் நீங்கள் எந்த மாத்திரையையும் நீட்ட முடியாதபடி செய்யப் போகிறேன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

மூணாவது வாரம் கெடச்சிருச்சும்மா என்கிறார் டாக்டர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படிக்கிறார், நோயாளி சொன்னது, காலில் எறும்பு ஊறுவது போல் இருக்கிறது, உட்கார முடியவில்லை, நான் எதிர்பார்த்த இடம், நான் ஒத்திகை பார்த்த இடம், நிதானமாகக் கேட்கிறேன், இத எழுதி வெச்சுக்கிட்டு என்ன பண்ணுனீங்க டாக்டர், மேசையில் எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள், அவர் தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார், அளவைப் பாதியாக் கொறைக்கணும்னு எழுதியிருக்கேன்மா, ஆனா அதக் கோடு போட்டு அடிச்சிருக்கேன், ஏன் அடிச்சீங்க என்கிறேன், அதாம்மா பாக்குறேன், உடன் வந்தவர் சொன்னதுன்னு ஒரு கட்டம் இருக்கும், அவங்க அக்கா வந்திருக்காங்க, அவங்ககிட்ட எப்படி இருக்கான்னு கேட்டிருக்கேன், முன்னைக்கு இப்ப பரவால்ல சார், நல்லா எந்திரிச்சு நடமாடுறான், அப்படீன்னு சொல்லியிருக்காங்க, அதனால கொறைக்கல. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று, அந்தச் சத்தத்துக்கு நடுவில் இத்தனை வருடமாக எனக்குக் கேட்காமலிருந்த ஒரு குரல் கேட்கிறது, என்னுடைய குரல், பரவால்ல சார், ஒன்றரை வருடம் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் நடக்கிறானே என்ற பூரிப்பு அதில் இருக்கிறது, வாராவாரம் தானே பார்க்கும் பெரிய டாக்டரின் முகம் வாடிவிடக் கூடாது என்ற மரியாதை இருக்கிறது, இவன் ஏன் எறும்பு அது இதுவென்று உளறி மானத்தை வாங்குகிறான் என்ற கூச்சமும் இருக்கிறது, டாக்டரிடம் நாம் வேறென்ன சொல்வோம், வலியில் உயிர் போனாலும் பரவாயில்லை என்போம், குணமாகிவிட்டது என்றாலும் அந்தச் சொல்தான், குணமாகவில்லை, போகட்டும் விடுங்கள் என்றாலும் அந்தச் சொல்தான், முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், பக்கத்தில் நாற்காலியைப் பிடித்தபடி செழியன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறான்.

கால் அவனோடது டாக்டர் என்கிறேன், ஊறுதுன்னு சொன்னது அவன், அக்கா சொன்னத ஏன் நம்புனீங்க, அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார், அவங்க கூடவே இருக்கறவங்கம்மா, அவங்களுக்குத்தான தெரியும், இவருக்குப் புத்தி சரியில்லாதப்ப, என்று நிறுத்திக்கொள்கிறார், தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது, தலைவர் அம்மா என்னைப் பார்த்து, என்னம்மா, ஒடம்பு சரியில்லையா, ஏன் அழுகுறீங்க என்கிறார், அந்த அக்கா நான்தான் என்கிறேன். தலைவர் அம்மா நிமிர்ந்து உட்காருகிறார், இத மொதல்லயே சொல்லியிருக்கணுமேம்மா, இப்ப நீங்க இதுல ஓட்டுப் போட முடியாது, வெளிய இருக்கணும், தெரியும்மா, போயிர்றேன் என்கிறேன், நாலு வருடம் காத்திருந்த ஓட்டு போய்விட்டது, போகட்டும், எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் கிடக்கும் ஃபைலை என் பக்கம் இழுக்கிறேன், அவர் தடுக்கவில்லை, விரலை நாக்கில் தொட்டு நான் புரட்டுகிறேன், நான்காவது வாரம், உடன் வந்தவர் சொன்னது, பரவாயில்லை, சத்தமாகப் படிக்கிறேன், ஐந்தாவது வாரம், நோயாளி சொன்னது, தூக்கம் இல்லை, கால் விடமாட்டேன் என்கிறது, உடன் வந்தவர் சொன்னது, பரவாயில்லை, ஆறாவது வாரம், பரவாயில்லை, ஏழாவது வாரம், நோயாளி ஒன்றும் சொல்லவில்லை, உடன் வந்தவர் சொன்னது, பரவாயில்லை, எட்டாவது வாரத்தில் கட்டங்கள் எல்லாம் காலி. எழுதிக்கங்க என்று குறிப்பு எடுக்கும் பெண்ணிடம் சொல்கிறேன், பதினேழாம் நபர் பேரு செழியன், அஞ்சு வாரத்துல ரெண்டு தடவ வாய்விட்டுச் சொன்னான், ரெண்டு பேரு கேக்கல, ரெண்டு பேரையும் பேர் போட்டு எழுதுங்க, மொதப் பேரு என்னோடது, ரெண்டாவது பேரு இவரோடது, அடிச்சுத் திருத்தாம எழுதுங்க, அந்தப் பெண் தலைவர் அம்மாவைப் பார்க்கிறாள், அவர் தலையசைக்கிறார், பேனா ஓடுகிறது, அது ஓடி முடியும்வரை நின்று பார்க்கிறேன். டாக்டர் எழுந்து நிற்கிறார், கைகூப்புகிறார், மன்னிச்சிருங்கம்மா என்கிறார், நடிப்பில்லை, கண் கலங்கித்தான் இருக்கிறது, மன்னிப்புக் கேட்டவருக்கு நம் ஊரில் பதிலாக ஒரே ஒரு சொல்தான் சொல்வார்கள், அதற்காக அவர் காத்திருக்கிறார், மேசையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், பழக்கதோஷம், அது என் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், அதை இனி யாருக்கும் சொல்லப் போவதில்லை, அவருக்கும் சொல்லப் போவதில்லை, எனக்கும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.