முதலாளி நடந்த படகு

வேகவைத்த நிலக்கடலையை உரித்து என் கையில் வைத்து, "உப்புப் பத்தல, அம்மணி" என்றார் என் கணவர் சவரிநாதன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

1996இல் அவர் வேலை பார்த்த கிரைண்டர் கம்பெனி முதலாளி, கோயமுத்தூரிலிருந்து எங்கள் எல்லாரையும் ஆலப்புழைக்குக் கூட்டிப்போனார். சூரியன் மறைவதைப் பார்க்கப் படகு. இரு கரையிலும் ஊர்கள், வாத்துகள், துணி துவைக்கும் பெண்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் கையசைத்தோம், ஏதோ காட்சி சாலைக்கு வந்தவர்கள் மாதிரி.

போட்டோ எடுப்பதற்காக முதலாளி படகின் பின்பக்கம் நடந்தார். கம்பெனியில் அவர் நடந்தால் எல்லாரும் எழுந்து ஒதுங்கி நிற்பார்கள். தண்ணீரிலும் அதையே செய்தார்கள்.

"எந்திரிக்காதீங்க, உக்காருங்க!" என்று படகுக்காரர் கத்தினார்.

"மொதலாளி நடக்கறப்ப நாம எப்படிங்க உக்கார்றது?" என்று சிரித்தார் ஃபோர்மேன்.

வழிவிடுவதற்காக எல்லாரும் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள். படகு சாய்ந்தது. முதலாளியும் விழுந்தார், என் கணவரும் விழுந்தார். நீந்தத் தெரிந்த மூன்று பேரும் முதலாளியைத்தான் பிடித்தார்கள். பாவம், அவருடைய செருப்பு ஒன்று போய்விட்டது என்று கரையில் அதையும் தேடினார்கள்.

என் கணவரின் அடக்கத்தன்று முதலாளி வந்தார். "நம்ம செபஸ்தியான் மாதிரி ஒரு தொழிலாளி இனிக் கெடைக்கமாட்டானுங்க" என்றார். அங்கே நின்ற ஒருவரும் சவரிநாதன் என்று பெயரைத் திருத்தவில்லை.

இன்றும் மாதா கோயிலில் என்னைப் பார்த்தால், "செபஸ்தியான் சம்சாரமா? நல்லாருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறார்.