கயிறு பிடித்த கை

சைக்கிளை நன்றாகக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று டொக்டர் அருளம்பலம் சொல்லிவிட்டார். சவர்க்காரக் கட்டியைக் கண்ணால் காணவே தவம் கிடந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் அது லேசுப்பட்ட வேலையா? சிசிலியா வேப்பிலை அவித்த தண்ணீரால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்துக் கழுவினாள். பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. சைக்கிள் அவளுடைய தம்பி கிறகோரியினுடையது. பின்சில்லில் டைனமோ பூட்டியிருந்தது. புருசன் செபநாயகத்தின் மூக்கு ஒப்பரேசனுக்கு வெளிச்சம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

சண்டையால் ஊரில் கரண்ட் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. ஆஸ்பத்திரி ஜெனரேற்றருக்கு இருந்த எண்ணெய் காயக்காரருக்கும் பிள்ளைப்பேற்றுக்குமே போதவில்லை. "உம்முடைய மூக்கு அந்த ரெண்டிலையும் சேராது செபநாயகம். வெளிச்சம் கொண்டுவந்தால் செய்துதாறன்" என்றார் டொக்டர்.

அந்த மூக்கு பன்னிரண்டு வயதில் தோணிக் கம்பு அடித்துக் கோணியது. வெளியே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே நடுச்சுவர் வளைந்து இடது துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இரவில் அவன் விடுகிற குறட்டை கொழும்புத்துறை முழுவதற்கும் தெரியுமே தவிர, வேறு கரைச்சல் இருக்கவில்லை. ஆழ்கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்த பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரையோரக் களப்பில் சங்குக்கும் கடலட்டைக்கும் முழுகத் தொடங்கினான். மூச்சுப் பிடிப்பதில் அவனை வெல்ல ஆளில்லை. ஆனால் இரண்டு பாகம் ஆழம் இறங்கினால் இடது காதில் ஊசி ஏற்றுவது மாதிரிக் குத்தும். போன மாதம் காதால் இரத்தம் வடிய மேலே வந்தான். சுவரை நிமிர்த்தாமல் இனி முழுகினால் காது போய்விடும் என்று டொக்டர் சொன்னார். முழுகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

முழுகுகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் இருந்து பிடிக்கிறவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அது அவர்களுடைய வழக்கம். அக்காள் தாலியறுப்பதை எந்தத் தம்பி விரும்புவான்? அவன் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கைதான். விறைக்கப்பண்ணி, நினைவோடு வைத்துத்தான் மூக்கை வெட்டுவோம் என்று டொக்டர் சொன்னதும் செபநாயகம் ஒரு நிபந்தனை போட்டான். தன் கையில் ஒரு கயிறு கட்ட வேண்டும், மறுமுனை மச்சானிடம் இருக்க வேண்டும். டொக்டர் சிரித்துவிட்டு, "என்ரை கைக்குக் குறுக்கை வராட்டில் கட்டும்" என்றார்.

ஆக, கிறகோரிக்கு அன்று இரட்டை உத்தியோகம். காலால் பெடல் உழக்க வேண்டும், கையால் கயிறு பிடிக்க வேண்டும்.

ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தினார்கள். இரண்டு வயர்கள் மறைப்புத் திரைக்குக் கீழால் உள்ளே போயின, அவற்றோடு கயிறும் போனது. கிறகோரி ஏறி உழக்கினான். உள்ளே பல்ப் எரிந்தது. சிசிலியா பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். மாலையில் ஒரு பத்து மணி உருண்டிருக்கும். தாதி ஒருத்தி தட்டில் சிவப்பாய் நனைந்த பஞ்சோடு வெளியே வந்தாள். கிறகோரி அதைப் பார்த்தான். ஆள் நீளச் சுறாவைச் சிரித்துக்கொண்டே கிழிக்கிறவன், மச்சானின் இரத்தத்தைக் கண்டதும் கண் செருகி, சைக்கிளிலிருந்து சரிந்து சுவரோடு போய் விழுந்தான்.

"வெளிச்சம்" என்றார் டொக்டர் உள்ளேயிருந்து. "வெளிச்சம் எங்கை?"

சிசிலியா யோசிக்கவில்லை. தம்பியின் கையிலிருந்த கயிற்றைத் தன் கையில் சுற்றி, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்பது செபநாயகத்துக்குத் தெரியாது. பெற்றோல் இல்லாத ஊரில் பெண்களெல்லாம் சைக்கிளில் ஏறியபோது, "எங்கடை வீட்டுக்கு அது சரிவராது" என்று ஒரே சொல்லில் முடித்தவன் அவன். சிசிலியாவும் ஓம் என்றுதான் சொன்னாள். அடுத்த கிழமையே அவன் களப்புக்குப் போகாத நாள்களில் உறங்குகிற மத்தியானமாகப் பார்த்து, கோயிலின் பின்வளவில், கிறகோரி சீற்றைப் பிடிக்க ஓடிப் பழகினாள். முழங்காலில் பட்ட காயத்துக்குக் கிணற்றடிப் பாசியில் பழி விழுந்தது.

இப்போது அவள் உழக்கினாள். வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும், மங்கினால் கத்தி தவறும். தொடை இறுகியது, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நடுவில் கையில் சுற்றியிருந்த கயிறு ஒருமுறை அசைந்தது. என்ன கேட்கிறான் என்று தெரியாமல் அவளும் ஒருமுறை இழுத்தாள். கயிறு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மிக மெதுவாகத் தொய்ந்தது. அவள் உழக்குவதை நிறுத்தவில்லை. முக்கால் மணித்தியாலம் அந்த வெளிச்சம் ஒருமுறையும் மங்கவில்லை. 'நான்தான், நான்தான்' என்று பெடல் ஒவ்வொரு சுற்றிலும் சொல்வது போலிருந்தது. செய்வது பிழை என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. பெருமையாக இருந்தது.

தெளிந்து எழும்பிய கிறகோரி அவள் காதுக்குள் கெஞ்சினான். "அக்கா, நான்தான் உழக்கினதெண்டு இருக்கட்டும். விழுந்த கதை வெளியிலை போனால் நான் துறையிலை தலை காட்டேலாது."

அவள் தலையாட்டிவிட்டாள். பார்க்க வந்த சனமெல்லாம் கிறகோரியின் காலைப் புகழ்ந்தது. அவனும் கூச்சத்தோடு ஏற்றுக்கொண்டு நின்றான். சிசிலியா கஞ்சியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்கு நிறையப் பஞ்சோடு படுத்திருந்த செபநாயகம் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் பஞ்சை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செபநாயகம் வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். இடது பக்கத்தாலும் காற்று போனது. நம்பாதவன் போல் வலது பக்கத்தை விரலால் பொத்திக்கொண்டு இன்னொருமுறை இழுத்தான். கண் கலங்கிவிட்டது. கிறகோரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறுங்கோ மச்சான், நான் கொண்டுபோய் விடுறன்."

"நீ நடந்து வா."

கிறகோரி விளங்காமல் நின்றான். செபநாயகம் சிசிலியாவைப் பார்த்தான்.

"கீழையிருந்து ஒருக்கால் இழுத்தால் மேலையிருந்து ரெண்டுதரம் இழுக்கவேணும். பிடிச்சிருக்கிறன் எண்டு அர்த்தம். நான் முழுகத் தொடங்கின நாளிலையிருந்து இவன் ஒருநாளும் பிழைவிட்டதில்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அண்டைக்கு ஒருக்கால்தான் வந்தது."

சிசிலியா நிலத்தைப் பார்த்தாள். "கோவமோ?"

"கையிலை கயிறு இருந்தது. வேண்டாமெண்டால் இழுத்து நிப்பாட்டியிருப்பன்." அவன் கரியரில் ஏறி இருந்தான். "ஓடு."

"ஆளை வைச்சு நான் ஓடினதில்லை. சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

முதல் பத்து யார் சைக்கிள் அங்குமிங்கும் ஆடியது. பிறகு நேரானது. கொழும்புத்துறை வீதியில் தெரிந்த முகங்கள் வரத் தொடங்கின. சந்திக் கடையில் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சிசிலியா தலையைக் குனியவில்லை. களப்புக் காற்று எதிரே வந்தது. பின்னால் அவன் அதை இரண்டு பக்கத்தாலும் இழுப்பது அவளுக்குக் கேட்டது.

அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானை மெதுவாக ஒருமுறை இழுபட்டது.

சிசிலியா மணியை இரண்டுதரம் அடித்தாள்.