சீர் வண்டியின் பொட்டு

எங்கள் வீட்டுச் சீர் இதுவரை வாடகை வண்டியில் போனதில்லை. மகள் வயிற்றுப் பேரனுக்கு இலுப்பூர் மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் சீரை என் பழைய அம்பாசடரில்தான் கொண்டுபோவது என்று சொல்லிவிட்டேன்.

அன்னவாசல் தாண்டி, ஆட்டு மந்தைக்காக வேகத்தைக் குறைத்ததும் வண்டி குளிர்க் காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது.

"மிஸ்ஸிங் அடிக்குதுப்பா, இன்ஜின் விட்டு விட்டு ஓடுது," என்றான் ஓட்டிவந்த என் மகன் உதயசூரியன். "வேகமாப் போனா தெரியல. மெதுவாப் போனா நின்னுரும்."

மெதுவாகத்தான் போகவேண்டும். ஊர் எல்லையில் மேளம் காத்திருக்கும். அதன் பின்னால் மண்டப வாசல்வரை வண்டி ஊர்ந்து போகவேண்டும். சம்பந்தி ஆத்மநாதன் வீட்டார் இருபுறமும் நின்று பார்ப்பார்கள். நடுவழியில் நின்றால் அவர்களே வந்து தள்ளுவார்கள். அந்தப் பேச்சு என் ஆயுசுக்கும் போகாது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். கைபேசி அடித்தது. மகள் கலைமதி.

"அப்பா, மேளம் வந்திருச்சு. எங்கிட்டு வாரீங்க? எங்க மாமனாரு காரை அனுப்பட்டுமான்னு கேக்குறாரு."

"வேணாம்னு சொல்லு. வந்துட்டோம்."

உதயசூரியன் இன்ஜினை ஓடவிட்டு, காய்ந்த துணியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். முதல் இரண்டைக் கழற்றியபோது இன்ஜின் இன்னும் அதிகமாகத் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை.

"இதுதான் வேலை செய்யல."

அணைத்துவிட்டு அந்தப் பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டான். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால், அப்போதும் மூன்றாவதுதான் செத்துக் கிடந்தது.

"அப்ப பிளக்குல கோளாறு இல்ல."

"மொதல்ல இதுக்குத்தான் காது குத்தணும் போல," என்றாள் பின்சீட்டிலிருந்து இறங்கி வந்த மருமகள் இலக்கியா. நான் திரும்பிப் பார்த்ததும் குடையை விரித்துக்கொண்டு கணவன் அருகில் போய்விட்டாள். குடை நிழல் இன்ஜின்மேல் விழுந்தது.

"மாமா, அங்கிட்டுப் பாருங்க! நீலமா ஓடுது."

குனிந்து பார்த்தேன். ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் கறுப்பு மூடியில், மூன்றாவது ஒயரின் அடியில், பிளக்குக்குப் போகவேண்டிய பொறி வெளியே நெளிந்து ஓடியது. அது ஓடிய தடம் ஈரச் சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்து, காலையில் என் கையால் நான் வைத்த பொட்டு. முன்பக்கம் வைத்தால் போதும் என்று மகன் சொன்னான். சீர் வண்டிக்கு இன்ஜினிலும் வைப்பது எங்கள் வழக்கம் என்று நான்தான் திறக்கச் சொன்னேன்.

அவன் இன்ஜினை அணைத்தான். துணியை எடுக்கவில்லை.

"சீரு எறங்கறதுக்கு முந்தி பொட்டை அழிக்கலாமாப்பா?"

கைபேசி மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. தோளிலிருந்த பட்டுக்கரைத் துண்டை உருவினேன். வேறொருவர் கையால் அது அழியக்கூடாது. சந்தனம், குங்குமம், ஈரம் எல்லாவற்றையும் அந்தக் கறுப்பு மூடி பளபளக்கும்வரை துடைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"வண்டிய எடுடா."

இன்ஜின் சீராக ஓடியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எல்லையிலிருந்து மண்டபம்வரை மேளம் முழங்கியது. என் காது இன்ஜினிலேயே இருந்தது. வாசலில் சம்பந்தி கைகூப்பினார். அவர் கண் என் தோளுக்குப் போனது.

"என்ன சம்பந்தி, துண்டெல்லாம் சந்தனம்?"

"சீர் வண்டிக்கு வச்சது. கையோட கொண்டாந்துட்டேன்," என்றேன்.

வண்டியை அணைக்க உதயசூரியனின் கை சாவிக்குப் போனது. கண்ணைக் காட்டித் தடுத்தேன். கடைசித் தட்டு இறங்கும்வரை வண்டி ஓடிக்கொண்டே நின்றது.