காற்று இல்லாத நல்ல நாள்

எங்கள் படகைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். வெள்ளைப் பாய், நீல நீர், பின்னால் தென்னை மரங்களோடு ஒரு தீவு. கிட்டே வந்தால், கம்பி முழுக்கத் துண்டும் உள்பாவாடையும் காய்வது தெரியும். இன்னும் கிட்டே வந்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துவது கேட்கும்.

ஒரு பேருந்துக்குள் இருக்கும் அளவு இடத்தில் நான்கு பேர் குடியிருக்கிறோம். சாப்பாட்டு மேசையின் பாதியை அம்மாவின் தையல் இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. போகிற தீவுகளில் நிற்கும் படகுகளின் கிழிந்த பாய்களையும் வெயில் விரிப்புகளையும் அவள் தைத்துக் கொடுக்கிறாள். அப்பா படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். மற்றவர்களுடைய எஞ்சின் எல்லாம் அவர் கைபட்டால் பாடும், எங்களுடையது இருமும். தங்கை கல்லூரிப் பாடங்களைத் தபாலில் படிக்கிறாள், மீதி நேரத்தில் என்னைக் கேலி செய்கிறாள். அக்கா மட்டும் கல்யாணமாகிப் பெரிய தீவில், அசையாத தரையில், தாழ்ப்பாள் உள்ள குளியலறையோடு வாழ்கிறாள்.

என் இலாகா வானிலை.

முன்பு எங்கள் படகு நின்ற துறைமுகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கடல் வானிலை வகுப்பு நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தேன். மேகங்களை வகைவகையாகக் கலர் பென்சிலில் வரைந்தேன். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அந்தச் சமயம் பார்த்து அப்பா ஒருநாள் “இதெல்லாம் ஒரு காத்தா?” என்று எங்களைக் கிளப்பிக்கொண்டு போக, அலை அடித்த அடியில் அம்மா அடுப்பின் மேல் சாய்ந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு அவள் ஒரு சட்டம் போட்டாள்: இனிமேல் வானிலை படித்தவன் சரி என்று சொல்லாமல் நங்கூரம் மேலே வரக் கூடாது. அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு வேறு வழியில்லை.

என்னைப் போன்ற ஒருவனிடம் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது சட்டத்தில் இருந்த ஓட்டை. நான் மூன்று இடத்து முன்னறிவிப்புகளைப் பார்ப்பேன். அவை ஒத்துப்போகாவிட்டால் மோசமானதை நம்புவேன். ஒத்துப்போனால், மூன்றும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்கின்றனவோ என்று சந்தேகப்படுவேன். உலகத்தைச் சுற்றுகிற குடும்பம் என்று உறவினர்களிடம் பேர் வாங்கிய நாங்கள், ஒரே வளைகுடாவில் வேர்விட்டு நின்றோம். படகின் அடியில் சிப்பிகள் குடும்பம் நடத்தின.

மற்ற நாளாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அக்காவுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி நெருங்கிவிட்டது. பெரிய தீவு ஒரு பகல் தூரம்தான். மிச்சமான பாய்த் துணியில் அம்மா ஒரு தொட்டில் தைத்து முடித்திருந்தாள். புயலே வந்தாலும் கிழியாது. குழந்தைக்குச் சற்று உரசும், அவ்வளவுதான்.

அக்கா போனில் ஒரே பேச்சாகப் பேசினாள்.

“அம்மா, நீ வந்துடுவேல்ல? பிரசவ ரூமுக்குள்ள போறப்ப என் கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும். இவரை நம்ப முடியாது. ஊசியைப் பாத்தாலே இவருக்குக் கண்ணைக் கட்டுது.”

“வராம எங்க போகப் போறேன்? உன் தம்பிதான் நாள் பாத்துக்கிட்டிருக்கான்.”

“அவனா?” என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லில் என் மேல் இருந்த மொத்த நம்பிக்கையும் அடங்கியிருந்தது.

தினமும் காலையில் அம்மா டீ கிளாஸை என் முன் வைத்துக் கேட்பாள். “மந்திரியாரே, இன்னைக்கு என்ன உத்தரவு?”

“காத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்மா. நாளைக்குக் குறையும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

“நேத்து சொன்னது வடகிழக்குக் காத்து. இது தென்கிழக்கு.”

“அண்ணா,” என்றாள் தங்கை, “குழந்தையைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லி ஒரு எச்சரிக்கை அனுப்பிடேன்.”

பக்கத்தில் நின்ற பச்சைப் படகுக்காரர் தன் எஞ்சினை அப்பாவிடம் சரிசெய்துகொண்டு, பெரிய தீவுக்குத்தான் கிளம்பினார். “அருமையான காத்து தம்பி, நீங்க வரலையா?” என்று கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேகத்தைப் பார்த்தேன். அவர் பாயை விரித்துக்கொண்டு வாத்து மாதிரிச் சுகமாகப் போய்விட்டார். அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டு, அவர் எங்கள் சேதியோடு தன் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அம்மா அன்று சாதத்தைக் கொஞ்சம் சத்தமாகப் பரிமாறினாள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. மூன்று முன்னறிவிப்புகளும் ஒரே குரலில் பேசின. மழை இல்லை, இடி இல்லை, அலை இல்லை. இவ்வளவு பத்திரமான நாளை நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, “கிளம்பலாம்” என்றேன்.

அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் மனசு மாற்றிக்கொள்வதற்குள் அப்பா நங்கூரத்தை மேலே இழுத்துவிட்டார்.

தீவின் முனையைத் தாண்டியதும் பாய் ஒருமுறை படபடத்துவிட்டுத் தொங்கியது. அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடல், பாத்திரத்தில் ஊற்றிவைத்த எண்ணெய் மாதிரி இருந்தது.

“காத்து எங்கடா?” என்றார் அப்பா.

ஆபத்து எதெல்லாம் வரக்கூடும் என்று நுணுக்கி நுணுக்கிப் பார்த்த நான், பாய்மரப் படகு போகக் காற்று வேண்டும் என்பதைப் பார்க்கவில்லை.

“இன்னைக்கு... காத்து இல்லப்பா.”

“இல்லைன்னா?”

“முன்னறிவிப்புலயே இல்ல.”

தங்கை சிரித்த சிரிப்பில் படகு கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினைப் போட்டார். அது இருமிக்கொண்டே எங்களைப் பாதி வழிக்குக் கொண்டுவந்தது. பெரிய தீவின் மலை மங்கலாகத் தெரியத் தொடங்கியபோது புகை வந்தது. அப்பா மூடியைத் திறந்து, தண்ணீர் இறைத்து எஞ்சினைக் குளிர வைக்கும் பம்பைக் கழற்றினார். உள்ளே சுற்ற வேண்டிய ரப்பர் சக்கரம் பிய்ந்து, பல் போன வாய் மாதிரி இருந்தது.

“புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருந்தீங்களே?” என்றாள் அம்மா.

அப்பா கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“அதைப் பச்சைப் படகுக்குப் போட்டுட்டேன். அவர் அவசரமாக் கிளம்பணும்னாரு. நாமதான் எங்கேயும் போறதா இல்லையேன்னு...”

அம்மா அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். யாரை முதலில் திட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் போன் அடித்தது. அத்தான்.

“அத்தை, வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. எங்க இருக்கீங்க?”

“கிட்ட வந்துட்டோம் மாப்பிள்ளை,” என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டு, தொட்டிலை மடியில் போட்டுக்கொண்டு மலையையே பார்த்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம். தீவு தீவாக வெங்காயமும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிச் செல்லும் சரக்குப் படகு ஒன்று பெரிய தீவை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் கொடியில் காய்ந்த எதையோ உருவிக்கொண்டு கூரை மேல் ஏறி வீசினேன். அது தங்கையின் பாவாடை என்பது பிறகுதான் தெரிந்தது.

சரக்குப் படகு வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் தள்ளி நின்றது. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா, ஓடலையா?”

“எஞ்சின் போச்சு. காத்தும் இல்ல,” என்று கத்தினார் அப்பா.

“இன்னைக்குக் காத்து இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியுமே! எவன்யா நாள் பாத்துக் கொடுத்தான்?”

அப்பாவும் தங்கையும் ஒன்றாக என்னைக் காட்டினார்கள்.

“அண்ணே, என் பொண்ணுக்குப் பிரசவ வலி. என்னை மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்க,” என்றாள் அம்மா.

“வாங்கம்மா. உக்கார இடமில்ல. வெங்காய மூட்டை மேலதான்.”

கரைக்குப் போய்வர வைத்திருக்கும் ரப்பர் படகை இறக்கி, அம்மாவை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டேன். சரக்குப் படகின் பக்கச் சுவர் மாடி வீடு மாதிரி நின்றது. மேலிருந்து ஒரு கயிற்று ஏணியை விட்டார்கள். அம்மா தொட்டில் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள். பிடித்தவள் நின்றுவிட்டாள். முறிந்து சேர்ந்த மணிக்கட்டைப் பார்த்தாள்.

“டேய், நடுவுல அலை கிலை வந்துடாதே?”

அவள் குரலில் கேலி இல்லை. மந்திரியார் என்று கூப்பிடவும் இல்லை. உண்மையாகவே என்னைக் கேட்டாள்.

சுற்றிப் பார்த்தேன். அடிவானம் வரை ஒரு சுருக்கம் கூட இல்லை. அலை அடிக்கும் நாளில் இந்த இரண்டு படகும் ஒன்றையொன்று நெருங்கவே முடியாது.

“வராதும்மா. ஏறு.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. ஏறு.”

ஏறினாள். நான் கீழே நின்று, விழுந்தால் பிடிக்கலாம் என்று கையை விரித்துக்கொண்டிருந்தேன். அவள் விழுந்திருந்தால் நானும் ரப்பர் படகும் சேர்ந்து மூழ்கியிருப்போம். ஆனால் மேலேயிருந்து இரண்டு கைகள் அவளைத் தூக்கிக்கொண்டன. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, போகும் வரை எங்களைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டே இருந்தாள். அடுப்பில் பருப்பு இருப்பதைத்தான் சொல்கிறாள் என்று தங்கை மொழிபெயர்த்தாள்.

மத்தியானம் தாண்டி போன் வந்தது. அக்காவின் குரல் களைத்திருந்தது.

“பொண்ணுடா. அம்மா கடைசி நேரத்துல ஓடி வந்தாங்க. வெங்காய நாத்தம் தாங்காம நர்ஸ் குளிக்க அனுப்பிட்டாங்க. குளிச்சுட்டு வந்து என் கையைப் பிடிச்சவங்க, முடியுற வரைக்கும் விடல.”

“அத்தான்?”

“பக்கத்துக் கட்டில்ல படுக்க வச்சிருக்காங்க.”

போனை அம்மா பிடுங்கினாள். “எங்கடா இருக்கீங்க?”

“இங்கதான்.”

“விட்ட இடத்துலயேவா? பாப்பா கையை விரிச்சு விரிச்சு மூடுது. சீக்கிரம் வந்து சேருங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “அழாதே அண்ணா,” என்றாள் தங்கை, “ஈரப்பதம் கூடிடும்.”

அப்பா தெற்கே கை காட்டினார். நீர்ப்பரப்பில் ஒரு கறுப்புக் கோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்று. நான் எப்போதும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக் காற்று. இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

“பாயை ஏத்துங்க,” என்றேன். உடனே, “பாதி பாய் போதும்,” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“பரவாயில்ல, தாய்மாமன் ஆனதும் பாதி தைரியம் வந்துடுச்சு,” என்றாள் தங்கை.

காற்று வந்து அடித்தது. படகு சாய்ந்து, நெடுநாள் தூங்கி எழுந்தது போல் உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சாய்ந்த வேகத்தில் அம்மாவின் தையல் இயந்திரம் இருந்த மேசையின் இழுப்பறை திறந்து, நூல்கண்டுகள் எல்லாம் தரையில் உருண்டன. இதைப் பார்த்தால் அவள் எங்களைக் குழந்தையிடம் சேர்க்கவே மாட்டாள். நானும் தங்கையும் நான்கு காலில் தவழ்ந்து அவற்றைத் துரத்தினோம்.

“மலை கிட்ட வந்துடுச்சுடா! வந்து பாரு!” என்று மேலேயிருந்து அப்பா கத்தினார்.

போய்ப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் தலை மேசைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.